மார்த்தா தூங்கும் கடதாசி

மேசையில் மூன்று மார்த்தாக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றும் ஒரே கறுப்பு வெள்ளைப் படம்தான். அச்சடித்த கடதாசிதான் வேறு. கற்பிட்டிக் கோயிலில் ஆயர் பிரசங்கம் வைத்த அன்று, முக்காட்டுக்குள் தலை சாய்ந்திருந்த தன் மனைவியை இன்னாசிமுத்து களவாகப் பிடித்த படம்.

அன்றிலிருந்து ஊர் முழுக்க அவர் சொல்லித் திரிவது இதே கதை. மார்த்தா விட்ட குறட்டையில் மணிக்கூண்டுப் புறாக்கள் கிளம்பி, எத்தாளை ஊரில் போய்த்தான் இறங்கினவாம். அவளை எழுப்ப ஆயரே இரண்டு தரம் மைக்கைத் தட்டினாராம்.

"நான் தூங்கல்ல" என்று மார்த்தா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

வருகிற திருவிழாவுக்குப் பங்கு மண்டபத்தில் படக் கண்காட்சி. அங்கே இது தொங்கினால், சாகும்வரை அவள் தூங்கின மனிசிதான்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. படம் தொங்கட்டும், கடதாசியை நான்தான் தெரிவு செய்வேன் என்றாள். இன்னாசிமுத்துவும் தலையாட்டிவிட்டார்.

கடற்றொழில் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பிரிண்டர் வாங்கிய மனிதர். இத்தனை காலத்தில் முதன்முறையாக அவர் பேச்சைக் கேட்க ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறது. விடுவாரா?

இது மூங்கில் கடதாசி, வெள்ளை கொஞ்சம் பழுத்திருக்கும். இது சொரசொரப்பு, உப்புக் காற்றுக்குச் சுருளும். இதுதான் பருத்தி. இதன் கறுப்புக்குள் ஒரு காகம் போனால் வெளியே வர வழி கேட்கும். கொழும்பில் பெரிய பெரிய ஆட்கள் இதைத் தடவிப் பார்த்துவிட்டு அழுகிறார்களாம்.

மார்த்தா தடவிப் பார்த்தாள். அழவில்லை.

"நாலாவது எங்க?"

நாலாவது அவருடைய தேநீர்க் கோப்பைக்குக் கீழே குப்புறக் கிடந்தது. பளபளப்புக் கடதாசி. கல்யாண அல்பத்துக்குத்தான் இது சரி என்று, பிரிண்டரை விட்டு வந்ததுமே பார்க்காமல் கவிழ்த்து வைத்திருந்தார்.

மார்த்தா கோப்பையைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு வந்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சரித்தாள். நிமிர்த்தினாள்.

"இது."

"என்ன மனிசி நீ. பாரை மீன் மாதிரி மினுங்குது. பாக்க வாறவன் இதில தலை சீவிட்டுப் போவான்."

"சீவட்டும்."

தலையாட்டியது ஆட்டியதுதான். இன்னாசிமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை வாங்கி, மினுக்கம் விலகும் பக்கமாகத் திருப்பி, அப்போதுதான் பார்த்தார்.

மற்ற மூன்றிலும் முக்காட்டின் நிழல் ஒரே கறுப்பு. காகம் தொலைகிற கறுப்பு. இதில் அந்தக் கறுப்பு மெல்ல மெல்லப் பிரிந்து கிடந்தது. நிழலுக்குள் ஒரு கன்னம். கன்னத்துக்கு மேலே ஒரு கண்.

திறந்திருந்தது. நேரே கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆயர் மைக்கைத் தட்டினது எனக்கில்ல" என்றாள் மார்த்தா. "பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்ட உங்களுக்கு."

இன்னாசிமுத்துவின் கை மேசையில் தேநீர்க் கோப்பையைத் தேடியது.