சூரியனை யாரும் எடுக்கவில்லை

"நேரா வெயில் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க சார், எல்லாம் கறுத்துப்போயிடும்" என்று சொல்லி, என் தோளைத் தொட்டு லேசாகத் திருப்பினான்.

தொடுவதற்கு முன் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டான். மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டேன்.

இவனைத்தான் கட்டிக்கொள்ளப்போவதாக மகள் சொல்லியிருந்தாள். நான் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். இன்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்வதாக வாக்குக் கொடுத்தாயிற்று.

அவள் அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவளும் போய்விட்டால் நானும் ஃப்ரிட்ஜின் முனகலும்தான் மிச்சம்.

பேச்சுக் கொடுத்து ஆளை எடைபோடும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பார்க்கத்தான் தெரியும்.

அதனால் ஞாயிறுதோறும் அவன் நடத்தும் இந்தப் புகைப்பட நடைக்கு, மகள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, அவளுடைய லேப்டாப்பிலேயே பதிவு செய்தேன். கேட்டவர்களிடம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டேன். காதும் காதும் வைத்தமாதிரி காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பு.

படகுத்துறையில் என்னோடு நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். வழுக்கைத் தலையோடு ஒரு தையல்காரர். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவள் கைப்பையைச் சுமந்துகொண்டு அவள் புருஷன். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்த ஒரு அம்மாள். தனித்தனியாக வந்தார்கள், தனித்தனியாக வணக்கம் சொன்னார்கள்.

பழைய கிடங்குகளின் ஓரமாக நடந்தோம். எதிர்க்கரைக் கட்டடங்களில் வெயில் மாடி மாடியாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அம்மாளின் செருப்பு வார் அறுந்தது. அவன் ஈரத் தரையில் மண்டியிட்டு, சாவிக்கொத்திலிருந்த ஊக்கைக் கழற்றி, வாரைக் கோத்துக் காலில் மாட்டிவிட்டான். முன்பின் தெரியாதவரின் செருப்பு. இரண்டு மதிப்பெண்.

"ஏண்டா, உனக்கு ரயிலைப் பிடிக்கணுமா? பிள்ளைத்தாச்சி பின்னாடி வர்றா" என்று தையல்காரர் அதட்டினார். அவன் முகம் சுளிக்காமல் நடையைத் தளர்த்தினான். அவனுக்கு மூன்று கொடுத்தேன். யாரோ ஒருவனை 'டா' போட்ட தையல்காரரை மனசுக்குள் ஃபெயிலாக்கினேன்.

கர்ப்பிணி அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு மிட்டாய் எடுத்துத் தின்றாள். அதையும் அவன் கண்டுகொள்ளவில்லை. இத்தனை பொறுமை ஆகுமா என்றுகூடத் தோன்றியது.

என்னைத் தொந்தரவு செய்ததெல்லாம் அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடிதான். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது? கேட்டு வாங்கி, காதுப் பக்கத்துக் கம்பியை உள்ளங்கைச் சூட்டில் வைத்து வளைத்து, துடைத்து மாட்டிவிட்டேன்.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்ஷூரன்ஸ்ல இதெல்லாமும் சொல்லித் தர்றாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் தொண்டையிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புதான் என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரமாயிற்று.

சூரியன் தண்ணீரைத் தொட்டபோது நடை முடிந்தது. அவரவர் எடுத்ததில் பிடித்த ஒன்றை மற்றவர்களுக்குக் காட்டவேண்டும் என்பது அவன் வழக்கமாம். நான் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டேன். அதில் முழுக்க அவன்தான் இருந்தான்.

தையல்காரர் என் பக்கம் குனிந்தார்.

"வெக்கப்படாம காட்டுங்க, சம்பந்தி."

ஒரு படகு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அதன் அலை கரைக்கு வந்து படிகளை நனைத்தது.

கர்ப்பிணி தலையில் கைவைத்துக்கொண்டாள். "கெடுத்தீங்களே சித்தப்பா. அண்ணன் அவ்வளவு சொல்லியும்."

அம்மாள்தான் மெல்ல ஆரம்பித்தாள். "பதிவு எங்க மருமக பேர்ல வந்திருந்துச்சுங்க. அவளைக் கேட்டா, நான் பண்ணலையே, எங்கப்பாவா இருக்கும்னா. அவர் நம்ம பையனைப் பார்க்க வர்றார்னா, நாமளும் போய் அவரைப் பார்த்துட்டு வந்துடுவோமேன்னு கிளம்பிட்டோம்."

போன்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் நீண்டன. படியில் தடுமாறும் நான். கடற்பறவையை முறைக்கும் நான். உதட்டைக் கடித்துக்கொண்டு கம்பி வளைக்கும் நான். பல் தெரியச் சிரிக்கும் நான்.

அத்தனை பேர் நடந்திருக்கிறோம். சூரியனை ஒருவர்கூட எடுக்கவில்லை.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

போட்ட மதிப்பெண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். செருப்பு அம்மாவுடையது. அதட்டல் சித்தப்பாவுடையது. மிட்டாய் தங்கைக்கென்றே வாங்கி வைத்தது. கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கூட்டத்தில் அந்நியன் என்று ஒருவன் இருந்தான் என்றால் அது நான்தான். மாலை முழுக்க ஒருவரும் என்னை அப்படி உணரவிடவில்லை.

எதிர்க்கரையில் வெயில் கடைசி மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"இருட்டிடப்போகுது" என்றேன். "எல்லாரும் நிக்கிற மாதிரி ஒண்ணு எடுங்க, மாப்பிள்ளை."