பெயர் வரிசை

"முதல் பேரு அவளோடது. என் பேரு ரெண்டாவது. இது எந்த ஊர் நியாயம்ணே?"

அச்சான ஆராய்ச்சிக் கட்டுரையை மேஜைமேல் அறைந்தாள் வேதியியல் விஞ்ஞானி. இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் நிமிர்ந்தார்.

"விடுங்க மேடம்..."

"எப்படி விடறது? கூம்பு நத்தை விஷத்துல இருக்கிற பெப்டைடை, அந்தக் குட்டிப் புரதத்தை, அச்சு அசலா இங்க செஞ்சது யாரு? இருபத்திரண்டு அமினோ அமிலத்தை ஒண்ணொண்ணா கோத்தது யாரு?"

"இங்கதான் மேடம் செஞ்சோம்."

"பக்கத்து ரூம் உயிரியல்காரி, அவ என்ன பெருசா கிழிச்சா? நான் குடுத்ததை நரம்புச் செல்லுல விட்டுப் பாத்தா. வலியைக் கடத்துற சோடியம் சேனலை மட்டும் அடைக்குது, இதயத்துல இருக்கிறதைத் தொடலைன்னு சொன்னா. அதுக்கே அத்தனை கைதட்டல்!"

பக்கத்து அறையில் சிரிப்பொலி. வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அவளைச் சுற்றி அத்தனை கூட்டம். சிரிப்புகூட அழகாக இருந்து தொலைத்தது.

"பதினோரு தடவை அந்த அமிலச் சங்கிலி சரியா மடியாம அத்தனையும் வீணாப் போச்சு. அப்ப எட்டிப் பாத்தாளா அவ?"

"பன்னண்டாவது தடவை, குளிர் அறையில ரெண்டு நாள் ஆட்டாம அசைக்காம வெச்சுப் பாக்கலாமான்னு கேட்டேன். வந்துருச்சு," என்றார் உதவியாளர், மெல்ல.

"அதைத்தாண்ணே நானும் சொல்றேன்! நாம பட்ட பாடு அவளுக்கு என்ன தெரியும்?"

கணினியை இழுத்து வைத்து, இயக்குநருக்கு விறுவிறுவென்று புகார் தட்டினாள்.

'உழைத்தவரின் பெயரைப் பின்னுக்குத் தள்ளுவது திருட்டுக்குச் சமம்.'

படித்துப் பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

"ஆறு வருஷமா என்கூடவே இருக்கீங்க. நீங்கதான் சாட்சி. கையெழுத்துப் போடுவீங்கல்ல?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்கீங்க. போடறேன் மேடம்."

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்ணே. அடுத்தவங்க உழைப்புல எவளும் பேர் வாங்க முடியாது!"

'சாட்சி' என்று தட்டினாள். 'பெயர்' என்று தட்டினாள்.

விரல்கள் அப்படியே நின்றன.

யோசித்தாள். கட்டுரையைப் புரட்டினாள். அவளே எழுதிய செய்முறைப் பகுதியில் குளிர் அறை இருந்தது, ரெண்டு நாளும் இருந்தது. அந்த யோசனையைச் சொன்னவர் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்து நன்றி வரிகளிலும் இல்லை.

உதவியாளர் பேனாவோடு காத்திருந்தார்.

அவள் குரல் இறங்கியது.

"அண்ணே... உங்க பேரு என்ன?"