ஓர் ஆள் கனம்

"அந்த ஆளை இறக்கிவிட்டாலே போதும், விமானம் தானா மேலே போயிடும்."

அந்த அம்மாளுக்கு மெதுவாகப் பேச வராது. சின்ன விமான நிலையம், ஒரே ஒரு ஹால். அவள் சொன்னது கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

கடைசி நாற்காலியில்தான் 'அந்த ஆள்' உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைவிட, நாற்காலியை நிரப்பியிருந்தார். மடியில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி.

"அவர் காதுல விழப்போகுது," என்றார் கணவர்.

"விழட்டும்னுதானே சொல்றேன்."

விஷயம் இதுதான். எப்போதோ ஒரு சிமெண்ட் ஆலை முதலாளி தன் சொந்த விமானத்துக்காகப் போட்ட ஓடுபாதை அது. ஆலை மூடிக்கிடக்கிறது. ஊர் மட்டும் வளர்ந்து, தலைநகருக்குத் தினம் ஒரு குட்டி விமானம் போய்வருகிற அளவுக்கு வந்துவிட்டது. ஓடுபாதை வளரவில்லை. வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும். அந்த நீளத்துக்குள் முழுப் பாரத்தோடு விமானம் எழும்பாது. அதனால் டிக்கெட் எடுக்கும்போதே ஒவ்வொருவரும் தன் எடையை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில்.

"எல்லாரும் கொடுத்த எடையையும் கூட்டிப் பார்த்தாச்சும்மா," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "சரியா விளிம்புல நிக்குது. ஆனா போகலாம்னு பைலட் சொல்லிட்டார்."

"கொடுத்த எடை நிஜம்னு யாரு கண்டா? அவரைப் பாருங்க. இருக்கறதுல பாதியைத்தான் எழுதியிருப்பார். என் பொண்ணு பிரசவ வார்டுல இருக்கா. தலைப்பிரசவம். ராத்திரிக்குள்ள நான் அவ பக்கத்துல இருக்கணும். மேலே போய் அந்தரத்துல தொங்க நான் தயாரில்லை. எல்லாரையும் நிறுத்துப் பாருங்க."

"நிறுத்துப் பார்த்தா, தப்பா எழுதினவங்க இங்கேயே நிக்க வேண்டியதுதான். அடுத்த விமானம் நாளைக்கு. அதுதான் விதி. பரவாயில்லையாம்மா?"

"பேஷா. பொய் எழுதினவங்க நிக்கட்டும்."

பெட்டிகளை நிறுக்கிற மேடையை நடுவில் இழுத்துப் போட்டார்கள். முள் கவுண்டர் பெண்ணின் பக்கம் பார்த்தபடி இருந்தது.

"எண்ணைச் சத்தமாப் படிச்சுடுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்," என்றாள் அம்மாள்.

"அது மரியாதை இல்லைம்மா. நான் மட்டும் பார்த்துக்கறேன்."

"சரி, முதல்ல அவர்."

அந்த ஆள் முகம் சுளிக்காமல் எழுந்து வந்தார். பெட்டியோடு ஏறி நின்றார். மேடை முனகியது.

"பாவம், அதுக்கே வாய் வந்துடுச்சு," என்றாள் அம்மாள்.

கவுண்டர் பெண் முள்ளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். தாளில் எதையோ குறித்துக்கொண்டாள். அவர் இறங்கி, அவள் பக்கத்திலேயே நின்று, அவிழ்ந்த ரிப்பனை முடிய ஆரம்பித்தார்.

"யாருக்கு சார்?"

"என் சின்னப் பொண்ணுக்கு. நாளைக்குப் பிறந்தநாள். அப்பா வந்துதான் எழுப்பணுமாம், அதுவரைக்கும் எழுந்திருக்கவே மாட்டாளாம்."

அடுத்தது அம்மாள்.

"செருப்பைக் கழட்டட்டுமா?"

"செருப்போடதானேம்மா பறக்கப் போறீங்க?"

கைப்பையைக் கணவரிடம் நீட்டினாள். அதையும் கவுண்டர் பெண் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கணவர், அப்புறம் மற்றவர்கள் என்று ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள்.

எல்லாம் முடிந்ததும் கவுண்டர் பெண் பைலட்டிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"ஒருத்தர் எடை மட்டும் கூட இருக்கு. சார் தன்னோடதுதான்னு ஒத்துக்கிட்டார். அவர் நின்னுக்கறார். மத்தவங்க ஏறலாம்."

அந்த ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கடைசி நாற்காலிக்குப் போனார்.

"பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்," என்று அம்மாள் ஹாலைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள். வாசலுக்குப் போகிற வழியில் அவர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். "இனிமேலாவது உண்மையை எழுதுங்க. உங்களால நாலு பேருக்குத் தொல்லை."

"சரிங்கம்மா," என்று அவர் சிரித்தார். "உங்க பொண்ணுக்கு நல்லபடியாப் பிறக்கட்டும்."

விமானம் ஓடியது, உறுமியது, ஓடுபாதையின் நுனியில் ஒருவழியாக மேலே எழும்பியது. அம்மாள் சாய்ந்து உட்கார்ந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டாள்.

"நான் மட்டும் வாயைத் திறக்கலைன்னா என்ன ஆயிருக்கும், சொல்லுங்க."

கணவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்ககிட்டதான் கேட்கறேன். அந்த ஆளு எவ்வளவு குறைச்சு எழுதியிருப்பார்னு நினைக்கறீங்க?"

"குறைக்கவே இல்லை. என் முறை வந்தப்போ தாளைப் பார்த்தேன். அவர் பேருக்கு நேரா சரின்னு டிக் போட்டிருந்தது."

"அப்புறம் எதுக்குத் தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டார்?"

"பக்கத்துல நின்னவர் முள்ளைப் பார்த்துட்டார். 'என் பேர்ல போட்டுக்கோம்மா, என் பொண்ணு ஒருநாள் காத்திருப்பா, அவங்க பொண்ணால முடியாது'ன்னு மெதுவாச் சொன்னார். என் காதுல விழுந்தது."

"யாரோட முள்ளை?"

கணவர் முதல் தடவையாக ஜன்னலைவிட்டுத் திரும்பினார்.

"டிக்கெட் எடுக்கறப்போ உன் எடைன்னு ஒண்ணு எழுதினியே, அது நம்ம கல்யாணத்தன்னிக்கு இருந்த எடை."