வலது கை

கிரீஸின் தீப்ஸ் நகர அருங்காட்சியகத்தில் புதிதாக வைத்த பளிங்குச் சிலைக்கு எதிரே லெஃப்டெரிஸ் தளர்ந்து உட்கார்ந்தான். அவன் மனைக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டியிருந்த பாவ்லோஸும் அவன் மனைவி ஸ்டமாத்தியாவும் கூட வந்திருந்தார்கள்.

“அஸ்திவாரம் தோண்டினப்ப இந்தப் புண்ணியவதி வந்து நின்னா. தொல்லியல்காரங்ககிட்ட சொன்னேன், வீட்டு வேலையவே நிறுத்திட்டாங்க. இன்னும் வாடகை வீடுதான். உங்களுக்கு நல்ல நேரம், சிக்கலில்லாம கட்டி முடிச்சிட்டீங்க,” என்றான் லெஃப்டெரிஸ்.

“சிலை அழகா இருக்குடா,” என்றான் பாவ்லோஸ்.

“வலது கை இல்லையே. என் மனை முழுக்கச் சலிச்சும் கிடைக்கல.”

“போலாம், சமைக்கணும்,” என்றாள் ஸ்டமாத்தியா.

இருவர் மட்டும் வெளியே வந்ததும் பாவ்லோஸ் மனைவியிடம், “மூஞ்சிய சாதாரணமா வெச்சுக்க,” என்றான்.

“எப்படி வெச்சுக்கறது? நம்ம அஸ்திவாரத்துல அந்தக் கை வந்தப்ப, நீ பாட்டுக்கு சிமென்ட்ட ஊத்தி மூடிட்ட. தினமும் அது மேல நின்னு சமைக்கிறது நான்தானே.”