ஐந்தருவியில் ஒரு கடத்தல்

"ஐயோ, கண்ணு முன்னாலயே தூக்கிட்டுப் போயிட்டானே!"

ஐந்தருவிப் பாதையில் நின்று பெலிக்ஸ் தலையிலடித்துக்கொண்டு அலறியதும், ஈரத்துண்டோடு போன கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

"பிள்ளைக்கு எத்தன வயசு தம்பி?" என்று பதறினார் ஒரு பெரியவர்.

"வாங்கி ரெண்டு வருசங்கூட ஆவல அண்ணாச்சி!"

பெரியவர் முழித்தார். பெலிக்ஸ் கைகாட்டிய டீக்கடைக் கூரைமேல் ஒரு தாட்டியான குரங்கு அவனுடைய செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அட சை!" என்று பெரியவர் நடையைக் கட்டினார்.

சாரலில் போன் நனைந்துவிடக் கூடாதென்று, தென்காசியில் கிளம்பும்போதே மனைவி ஷெர்லின் அதை ஒரு காலி நேந்திரங்காய் சிப்ஸ் கவருக்குள் போட்டுக் கொடுத்திருந்தாள். கண்ணாடிக் கவர்தானே, பெலிக்ஸ் வழிநெடுக ரீல்ஸ் தள்ளிக்கொண்டே வந்தான். அருவி வந்ததே தெரியாதவனுக்குக் குரங்கு வந்ததா தெரியப்போகிறது?

"ஏட்டி, என்னமாச்சும் பண்ணுட்டி! உசுரே போவுது!"

"போனுதான போச்சி. இங்கன பிள்ளையக் கொஞ்சம் பாருங்க."

மகள் ஜாய் அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். முன்பல்லைக் காணோம்.

"பல்லு எப்பம்மா விழுந்திச்சி?"

"போன வாரமே விழுந்திட்டுப்பா. ஒங்ககிட்ட காட்டுனேன். போனப் பாத்துக்கிட்டே 'சூப்பர்'னீங்க."

பெலிக்ஸுக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைக்குப் பல் விழுந்தது தெரியாமல், எங்கோ ஒரு பூனை குட்டிக்கரணம் போடுவதையா பார்த்துக் கிடந்தோம்? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்துவிட்டது.

"ஆண்டவரே, போன் மட்டும் கெடைக்கட்டும். சாப்பிடும்போது தொடமாட்டேன்."

குரங்கு போனைக் கடித்துப் பார்த்தது.

"வீட்டுக்குள்ளயே தொடமாட்டேன்!"

குரங்கு போனை ஓங்கியது.

"ரீல்ஸு, கேமு எல்லாத்தையும் இப்பமே அழிச்சிருதேன்! பேசுறதுக்கு மட்டுந்தான்!"

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் பழம் விற்கும் பேராச்சி ஒரு வாழைப்பழத்தை நீட்டி, "ஏலே, போதும், கொண்டாலே" என்றாள். குரங்கு நல்ல பிள்ளையாக இறங்கி வந்து, போனை அவள் கையில் வைத்துவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டது.

பெலிக்ஸ் சொன்ன சொல் தவறவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் அழித்தான். போனை ஷெர்லினிடம் கொடுத்துவிட்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அருவிக்கு நடந்தான். மண்டை லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

பாதி வழியில்தான் துண்டை மறந்தது நினைவுக்கு வர, திரும்பி வந்தான்.

பழக்கடை முன்னால் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவரவர் புருஷன்மார் சுவரோரம் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஷெர்லின் வாயெல்லாம் பல்லாகப் பேராச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

பேராச்சி குரங்கின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி வரிசையைப் பார்த்துக் கேட்டாள்:

"ம்... அடுத்து யாரு வீட்டுக்காரரு?"