இரண்டு இடது கைகள்

வலது கை ரசத்தில் இருந்தது. இடது கை லேப்டாப்பில்.

சிராங்கூன் ரோட்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமை மதியக் கூட்டம். இலைக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடுவே கிடைத்த ஒரு சாண் இடத்தில் வித்யா லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

ஆபீசிலிருந்து அஸ்மத் அனுப்பிய செய்தி அப்படி: ‘ரெண்டு மணிக்கு கிளினிக் ஆப்பை ஜனங்களுக்கு விடறோம். ஒரு தடவை பாத்துச் சொல்லு லா.’

நோயாளிகளின் விவரமெல்லாம் கிளவுடில் வாடகைக்கு எடுத்த டேட்டாபேஸ் கிளஸ்டர்களில் குடியிருந்தன. ஒவ்வொன்றாகப் போய்த் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எஸ்க்யூஎல்லில் ஒரு குவெரி எழுதி, ‘வெளியாள் நுழைகிற மாதிரி வாசல் திறந்து கிடப்பது எது?’ என்று கேட்டால் போதும். அத்தனையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, திறந்து கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காட்டும். ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம்.

வித்யா ‘சுத்தம்’ என்று சொன்னால் அஸ்மத் விட்டுவிடுவான். அவளுக்குப் பிறகு பார்க்க ஆளில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால், யாருக்கு என்ன நோய் என்று ஊர் உட்கார்ந்து வாசிக்கும்.

தட். தட்.

பூஜ்யம்.

மனசு குளிர்ந்து போனது அவளுக்கு. போனை எடுத்துக் கட்டைவிரலால் ‘சுத்தம்’ என்று அடித்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

எதிரே ஸ்ரீராம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். இன்னொரு கம்பெனியில் இதே வேலை பார்ப்பவன். அவனுக்குத் தெரிந்தது லேப்டாப்பின் முதுகு மட்டும்தான்.

“ஒண்ணு கேக்கலாங்களா? ரெண்டே ரெண்டு சத்தந்தான் கேட்டுச்சு.”

“அதுக்கு?”

“மேல் அம்புக்குறி ஒண்ணு, என்டர் ஒண்ணு. ஒத்தைக் கைன்னு பழைய குவெரியையே எடுத்து ஓட்டிட்டீங்களோன்னு.”

“ஜீரோ வந்தாச்சு. உங்களுக்கென்ன லா?”

“எனக்கெல்லாம் ஜீரோ வந்தா சோறு இறங்காதுங்க.”

சுள்ளென்று வந்தது வித்யாவுக்கு. ஆனாலும் பார்வை திரைக்குப் போய்விட்டது.

நேற்று மும்பை ஆபீசுக்காக எழுதிய குவெரி. மும்பைக் கிளஸ்டர்களைக் கேட்டிருக்கிறது; அவையும் சமர்த்தாகப் பதில் சொல்லியிருக்கின்றன. புக்கிட் பாஞ்சாங் வீட்டைப் பூட்டினோமா என்று சுவா சூ காங் வீட்டில் போய்ப் பார்த்த கதைதான்.

‘சுத்தம்’ என்பதை அழித்தாள்.

ஊரை மாற்ற வேண்டும். சிங்கப்பூர்க் கணக்கின் பெயர் முழுக்க அடிக்கோடுகள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டால்தான் அடிக்கோடு விழும். வலப்பக்கத்து ஷிஃப்ட் போன மாதமே கழன்று போய்விட்டது. இடப்பக்க ஷிஃப்டில் ஒரு விரலும் வலது கோடியில் இருக்கிற அடிக்கோட்டில் ஒரு விரலுமாக, ஒரே கை எட்டவில்லை.

கை கழுவிவிட்டு வரலாம். எழுந்தால் இலையை எடுத்துவிடுவார்கள். தவிர, இன்றைக்கு அவளால் பாதி இலையில் எழுந்திருக்க முடியாது.

“நான் பிடிச்சுக்கவா?” என்றான் ஸ்ரீராம்.

“இது எங்க கம்பெனித் திரை.”

“நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்.”

சொன்னபடியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாம்பார் படாத இடது கையை மேசைக்குக் குறுக்கே நீட்டினான்.

“அது கேப்ஸ் லாக். இன்னும் கீழே.”

“இதா?”

“ம். பிடிங்க. விடுங்க. பிடிங்க.”

சுவரில் ஒட்டியிருந்த மீன் தலைக் கறி விளம்பரத்தை அவன் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் தயிர் ஊற்ற வந்தவர், பின்னிக் கிடந்த இரண்டு இடது கைகளைப் பார்த்துவிட்டு, ஊற்றாமலே போய்விட்டார்.

என்டர்.

ஒரு வரி வந்தது.

டாக்டர்கள் பழகிப் பார்க்கட்டும் என்று எடுத்த நகல். உள்ளே இருந்ததோ நிஜ நோயாளிகள். வாசல் விரியத் திறந்து கிடந்தது.

வித்யா மறுபடி போனை எடுத்தாள். ‘ஒரு கிளஸ்டர் திறந்து கிடக்கு. அதை மூடிட்டு அப்புறம் ஆப்பை விடு,’ என்று அனுப்பினாள்.

‘அலமாக்,’ என்று பதறிக்கொண்டு வந்தது அஸ்மத்தின் பதில். கொஞ்ச நேரம் கழித்து, ‘மூடியாச்சு. மறுபடி பாரு.’

தட். தட்.

“இப்ப அம்புக்குறி சரிதாங்க,” என்றான் ஸ்ரீராம் சுவரைப் பார்த்தபடி.

பூஜ்யம். இந்த முறை சிங்கப்பூர்ப் பூஜ்யம். ‘சுத்தம்,’ என்று அனுப்பிவிட்டு மூச்சு விட்டாள். “திரும்பலாம்,” என்றாள் அவனிடம். அவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பினான். சோறு அவன் இலையில் காய்ந்து போயிருந்தது.

அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து வித்யாவின் அம்மா சிவகாமசுந்தரி எழுந்து வந்து, மகளின் காதோரம் குனிந்தாள்.

“வந்ததுலேருந்து பாக்கறோம், அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு உக்காந்திருக்க. மாப்பிள்ள என்னடான்னா செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு. அவங்க அம்மா அப்பாவுக்கு மூஞ்சியே செத்துப் போச்சு, பாசிர் ரிஸ் வீட்டுக்குக் கெளம்பணுங்கறாங்க. பிடிக்கலன்னா சொல்லிடுடி, மரியாதையா முடிச்சுக்கலாம்.”

வித்யா லேப்டாப்பை மூடினாள்.

“நாங்க இன்னும் பேசி முடிக்கலம்மா,” என்றாள். “அவங்கள இருக்கச் சொல்லுங்க.”