கீழ்ப் பொந்துக்கு வந்த குடித்தனம்

ஒரு பட்ட மரத்தில் மரங்கொத்தி ஒருவர் இரண்டு பொந்துகள் குடைந்திருந்தார். மேல் பொந்தில் மனைவி அடைகாத்துக்கொண்டிருந்தாள். கீழ்ப் பொந்தை வாடகைக்கு விட்டால், வருகிற புழு பூச்சி குஞ்சுகளுக்கு ஆகும் என்று நினைத்தார்.

முதலில் அணில் ஒருத்தி வந்தாள். "அண்ணே, இடம் காலியாமே?"

"எத்தனை பேர்?"

"நான், அவரு, மூணு பிள்ளைங்க."

"பிள்ளைங்க சுவரைக் கொறிக்குமே" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்த மைனாவிடம், சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா என்று கேட்டார். "வராம? நாங்க என்ன அநாதைங்களா?" என்று மைனா சிலுப்பிக்கொண்டு போனாள். ஆந்தை எலி தின்பவர் என்பதால் அவரிடம் பேச்சே எடுக்கவில்லை.

"யாரையாவது வைங்க. பொந்து சும்மா கிடக்கக் கூடாது" என்றாள் மனைவி.

தப்பான ஆளை வைத்துவிட்டு, கிளப்ப முடியாமல் தவித்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பயம் நியாயம்தானா, இல்லை தன் குணமே அப்படியா என்று அவருக்கே தெரியவில்லை.

மழை பிடித்த அன்று, யாரையும் கேட்காமல் ஒரு சாரைப்பாம்பு கீழ்ப் பொந்தில் நுழைந்து சுருண்டுகொண்டது.

"போய்க் கேளுங்க" என்றாள் மனைவி, முட்டைகளின்மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்தபடி.

அவர் நாலு கிளை தள்ளி உட்கார்ந்தார். கேட்க வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்தது. பாம்பு தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் மரங்கொத்தி. "உள்ளே தண்ணி ஒழுகினா சொல்லுங்க, உடனே அடைச்சுத் தர்றேன்."